ஒரு சைக்கிள், இரண்டு கால்கள்

1865 ஆகஸ்ட் 30. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையில் பொழுது புலரும் நேரம். சூரிச் நகரிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் மலையேறக் கிளம்பினார்கள். அடால்ஃப் ஃபிக் உடலியல் கற்பிப்பவர். யோஹானஸ் விஸ்லிசெனஸ் வேதியியல்காரர். எதிரே ஃபால்ஹார்ன் சிகரம். ஏரிக்கரையிலிருந்து உச்சிக்கு 1,956 மீட்டர் ஏற்றம்.

அவர்கள் கட்டிக்கொண்டு போன சாப்பாடு விசித்திரமானது. வெறும் மாவுச்சத்தைக் கூழாக்கி, தட்டிப் போட்டு, நிறையக் கொழுப்பில் பொரித்த வில்லைகள். குடிக்க, சர்க்கரை போட்ட தேநீர். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பாலாடைக்கட்டி இல்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே புரதமுள்ள எதையும் இருவரும் தொடவில்லை. வழியில் கழித்த சிறுநீரைச் சிந்தாமல் பிடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டே ஏறினார்கள். ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் உச்சியை அடைந்தார்கள். அன்று மாலை சிகரத்து விடுதியில் உட்கார்ந்து வயிறாரக் கறி சாப்பிட்டார்கள்.

இத்தனையும் ஒரே ஒரு கேள்விக்காக. உழைக்கிற உடம்புக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

அந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் அப்போது ஒரு பதில் ஆட்சி செய்துகொண்டிருந்தது. ஜெர்மானிய வேதியியலின் பெரும்புள்ளி யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1842-இல் சொன்ன பதில் அது. தசை இயங்கும்போது தசையே கரைகிறது, எனவே உழைப்புக்கு எரிபொருள் புரதம். மாவுச்சத்தும் கொழுப்பும் உடம்பைச் சூடாக வைத்திருக்க மட்டுமே உதவும் என்றார் அவர். கறி தின்றால்தான் பலம் என்ற பழைய நம்பிக்கைக்கு இப்படி விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்தது. ஃபிக்கும் விஸ்லிசெனஸும் மலையேறிய அதே 1865-இல், தென்னமெரிக்க மாட்டிறைச்சியிலிருந்து சாறு காய்ச்சி விற்க லீபிக்கின் பெயரில் லண்டனில் ஒரு கம்பெனியே தொடங்கப்பட்டது.

மலையேறிகளின் கணக்கு எளிமையானது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் கிடையாது. உடம்பு புரதத்தை எரித்தால் அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் இறங்கிவிடும். சிறுநீரை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்று தெரிந்துவிடும். ஏறும்போதும் ஏறி முடித்த சில மணி நேரத்திலுமாக ஆளுக்குச் சுமார் 37 கிராம் புரதம்தான் எரிந்திருந்தது. 66 கிலோ எடையுள்ள ஃபிக் தன் உடம்பை 1,956 மீட்டர் தூக்கிச் சென்றிருக்கிறார். அந்த வேலைக்கு 37 கிராம் புரதம் போதுமா?

இதற்கு விடை சொல்ல, உணவு எரிந்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்ற அளவு வேண்டும். அதை இங்கிலாந்தில் அளந்து கொடுத்தவர் வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட். ஃபிக்குக்கு அவர் மைத்துனர் முறை. 1866-இல் அவர் உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்து எண்களை வெளியிட்டார். எரிந்த புரதம் முழுக்க முழுக்க வேலையாக மாறியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மலையேற்றத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் அது ஈடுகட்டும். இதயம் துடித்ததும் நுரையீரல் இயங்கியதும் கணக்கில் சேராமலே இந்த நிலை. மீதித் தெம்பு அந்தப் பொரித்த மாவு வில்லைகளிலிருந்தும் உடம்பின் சேமிப்பிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும்.

சேமிப்பு என்ற ஒன்று இருக்கிறது என்பதையும் அதற்குள் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். பிரான்சின் கிளாட் பெர்னார், 1857-இல் கல்லீரலிலிருந்து வெண்ணிறப் பொடியாக ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். சர்க்கரை மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாகக் கிளைத்து நிற்கும் அந்தப் பொருளுக்குக் கிளைகோஜன் என்று பெயர். அரிசியிலும் கிழங்கிலும் மாவுச்சத்து இருப்பதைப்போல, மனித உடம்புக்குள் இருக்கும் மாவுச்சத்து அது. கல்லீரலில் கொஞ்சம், தசைகளில் நிறைய.

ஆனாலும் விளையாட்டு உலகம் அசையவில்லை. ஓட்டக்காரர்களுக்கும் படகு வலிப்பவர்களுக்கும் பயிற்சி உணவு என்றால் அரைவேக்காட்டு மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் என்ற வழக்கம் இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அடுத்த அடி கோபன்ஹேகனில் விழுந்தது. 1920-இல் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோவும் யோஹானஸ் லிண்ட்ஹார்டும், மூடிய அறைக்குள் நிலைச் சைக்கிளை வைத்து ஆட்களை மிதிக்கச் செய்து, அவர்கள் இழுத்த ஆக்சிஜனையும் விட்ட கரியமில வாயுவையும் நுட்பமாக அளந்தார்கள். மாவுச்சத்து எரியும்போது உள்ளே போகும் ஆக்சிஜனுக்குச் சமமாகக் கரியமில வாயு வெளியே வரும். கொழுப்பு எரிந்தால் குறைவாக வரும். மூச்சை அளந்தே உள்ளே எது எரிகிறது என்று சொல்லிவிடலாம். சில நாள் பெரும்பாலும் வெண்ணெயும் கொழுப்புமாகவே தின்று வந்தவர்கள் அதே வேலையைச் செய்யக் கூடுதல் சக்தி செலவழித்தார்கள். களைப்பும் சீக்கிரம் தட்டியது. மாவு தின்றவர்கள் இலகுவாக மிதித்தார்கள்.

குரோ அதே ஆண்டு வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். 1922-இல் அமெரிக்காவில் சொற்பொழிவுகள் ஆற்றப் போனபோது டொரொன்டோவுக்கும் சென்றார். அவருடைய மனைவி மரீ மருத்துவர். அவருக்கு நீரிழிவு இருந்தது. அப்போதுதான் டொரொன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. குரோ அதைத் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பினார். உலகமெங்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி போடத் தொடங்கியதும் மருத்துவர்கள் ஒரு புதிய காட்சியைக் காணப் பழகினார்கள். ஊசி அளவு மிஞ்சினால் ரத்தத்தில் சர்க்கரை சரிகிறது. நோயாளி வெளிறிப் போகிறார், கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. கொஞ்சம் சர்க்கரை கொடுத்தால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தக் காட்சியை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் வேறோர் இடத்திலும் கண்டார்கள். அங்கே ஆண்டுதோறும் ஏப்ரலில் மாரத்தான் நடக்கும். 1924 பந்தயத்தின் முடிவுக்கோட்டில் சாமுவேல் லெவைன், பர்ஜஸ் கார்டன், கிளிஃப்டன் டெரிக் ஆகியோர் ஊசியோடு காத்திருந்து, ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். பலருக்குச் சர்க்கரை மிகக் கீழே கிடந்தது. யாருக்கு அதிகமாகச் சரிந்திருந்ததோ அவர்கள்தான் தள்ளாடிக்கொண்டும் குழம்பிக்கொண்டும் வந்து விழுந்தவர்கள். இன்சுலின் மிஞ்சிய நோயாளியும் மாரத்தான் ஓடி விழுந்தவரும் ஒரே தோற்றத்தில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. ஓட்டக்காரர்கள் சிலரிடம் பந்தயத்துக்கு முந்தின நாள் மாவுச்சத்து நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். பந்தயத்தின் நடுவே, பாதித் தூரம் தாண்டிய பிறகு, மிட்டாய் மெல்லக் கொடுத்தார்கள். 1925-இல் அப்படி ஓடியவர்கள் முடிவுக்கோட்டுக்கு வந்தபோது ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தது. ஆளும் தெளிவாக இருந்தார். இன்று ஓட்டக்காரர்கள் இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு ஓடும் இனிப்புக் கூழ்ப் பொட்டலத்துக்கு மூதாதை அந்த மிட்டாய்தான். ஆனால் அந்த அறிவுரையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஓடும்போது எதுவும் உட்கொள்ளாமல் தாக்குப்பிடிப்பதே வீரம் என்ற எண்ணம் வேரோடியிருந்தது.

கோபன்ஹேகனில் குரோவின் வழிவந்த எரிக் கிறிஸ்டென்சனும் ஓவே ஹான்சனும் 1939-இல் சோதனையை நீட்டித்தார்கள். அதே ஆள், அதே சைக்கிள், வெவ்வேறு சாப்பாடு. மாவுச்சத்து மிகுந்த உணவு தின்ற நாள்களில், கொழுப்பு உணவு தின்ற நாள்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் மிதிக்க முடிந்தது. இனி முடியாது என்று ஓய்ந்தவருக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தால் மறுபடியும் மிதித்தார். சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு. ஆனால் சர்க்கரை எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பது விளங்கவில்லை. ரத்தத்திலா, மூளைக்குப் போகும் வழியிலா, தசைக்குள்ளேயா? உயிரோடு இருக்கும் மனிதரின் தசைக்குள் எட்டிப் பார்க்க அப்போது வழியில்லை.

வழி ஓர் ஊசியின் வடிவில் வந்தது. யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் ஸ்டாக்ஹோமில் சிறுநீரக நோய்களைக் கவனித்த மருத்துவர். நோயாளிகளின் தசைகளில் உப்புகளின் அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்க அவருக்குத் தசைத் துணுக்கு தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் வடிவமைத்து, பிறகு மறந்துபோன ஒரு கருவியை மாதிரியாக வைத்து, 1962-இல் அவர் புதிதாக ஓர் ஊசியைச் செய்தார். பென்சில் பருமனுக்குக் கொஞ்சம் குறைவான உள்ளீடற்ற எஃகுக் குழாய். நுனிக்கு அருகே பக்கவாட்டில் ஒரு சின்ன சன்னல். தொடையை மரத்துப்போகச் செய்து, தோலைக் கொஞ்சமாகக் கீறி, குழாயைத் தசைக்குள் இறக்குவார்கள். சன்னல் வழியே தசை உள்ளே பிதுங்கும். குழாய்க்குள் இருக்கும் கூர்மையான உருளையை ஓர் அழுத்து அழுத்தினால் துணுக்கு வெட்டுப்பட்டு உள்ளே தங்கிவிடும். ஓர் அரிசி, இரண்டு அரிசி அளவுதான் இருக்கும். அதை உடனே உறைய வைத்துச் சோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

பெர்க்ஸ்ட்ரோமோடு சேர்ந்துகொண்டார் எரிக் ஹல்ட்மன். 1966-இல் நேச்சர் இதழில் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றரைப் பக்க அளவே இருக்கும். ஆனால் விளையாட்டு வீரர்களின் தட்டையே அது மாற்றிவிட்டது. சோதனைக்கு ஆள் தேடி அவர்கள் வெளியே போகவில்லை. ஒரே நிலைச் சைக்கிளின் இரு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் வலது காலால் மிதித்தார், மற்றவர் இடது காலால். ஆளுக்கு ஒரு கால் வேலை செய்ய, இன்னொரு கால் சும்மா இருந்தது. கால் ஓய்ந்துபோகும்வரை மிதித்தார்கள். பிறகு இரண்டு தொடைகளிலும் ஊசி.

மிதித்த காலில் கிளைகோஜன் ஏறக்குறைய வற்றியிருந்தது. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம் ஓடுகிறது. ஆனாலும் பக்கத்துக் காலின் கையிருப்பிலிருந்து மிதிக்கும் காலுக்கு ஒரு துளியும் போகவில்லை. தசை தன் கிளைகோஜனைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடுவதற்குத் தேவையான நொதி தசையில் கிடையாது. கல்லீரலுக்கு அந்த நொதி உண்டு, அது ஊருக்கெல்லாம் கொடுக்கும். தசை தன் வீட்டுக் குதிரின் தானியத்தைத் தானே தின்னும்.

அதைவிட ஆச்சரியம் அடுத்த மூன்று நாள்களில் காத்திருந்தது. இருவரும் மாவுச்சத்தாகவே சாப்பிட்டார்கள். நாள்தோறும் தொடையில் ஊசி குத்திக்கொண்டார்கள். சும்மா இருந்த காலில் பெரிய மாற்றமில்லை. காலியான காலிலோ கிளைகோஜன் மளமளவென்று ஏறி, பழைய அளவைத் தாண்டி, மற்றக் காலில் இருந்ததைப்போல இரண்டு மடங்காக நின்றது. வெறுமையாக்கப்பட்ட குதிர் முன்பைவிட அதிகமாகக் கொள்கிறது. குதிர் நிறைந்தால் உழைப்பு நீள்கிறதா என்பதையும் அடுத்த ஆண்டே பார்த்தார்கள். பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன், லார்ஸ் ஹெர்மன்சன், பெங்ட் சால்டின் நால்வரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பும் புரதமும் தின்ற பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கால் ஓய்ந்தவர்கள், வழக்கமான கலப்பு உணவுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், மாவுச்சத்து உணவுக்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் மிதித்தார்கள்.

சைக்கிள் வேறு, சாலை வேறு என்று யாராவது சொல்லக்கூடும். யான் கார்ல்சனும் சால்டினும் 30 கிலோமீட்டர் ஓட்டத்திலேயே சோதித்து 1971-இல் முடிவை எழுதினார்கள். அதே ஆட்கள் மூன்று வார இடைவெளியில் இருமுறை ஓடினார்கள், ஒருமுறை தசையைக் கிளைகோஜனால் நிரப்பிக்கொண்டு, ஒருமுறை நிரப்பாமல். தசை நிறைந்திருந்தபோது யாரும் வேகமாகத் தொடங்கிவிடவில்லை. தொடங்கிய வேகத்தைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். சராசரியாக எட்டு நிமிடம் முன்னதாக முடித்தார்கள். மற்ற நாளில் பின்பாதியில் வேகம் சரிந்திருந்தது.

இந்தச் சரிவை மாரத்தான் ஓட்டக்காரர்கள் காலங்காலமாகச் சுவர் என்று சொல்லி வந்தார்கள். 30 கிலோமீட்டர் தாண்டியதும் சுவரில் மோதியதுபோல உடம்பு நின்றுவிடும். கால் ஈயமாகக் கனக்கும், கண் மங்கும், பக்கத்தில் யார் ஓடுகிறார்கள் என்றே புரியாது. இப்போது அந்தச் சுவருக்கு எண் கிடைத்தது. நன்கு பயிற்சி பெற்றவரின் தசைகளில் 400 கிராம் அளவுக்கும், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும் கிளைகோஜன் இருக்கும். கிராமுக்கு நான்கு கலோரி வீதம் மொத்தம் ஏறத்தாழ 2,000 கலோரி. கிலோமீட்டருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேண்டும். ஒல்லியான ஆளிடமும் கொழுப்பாகப் பல்லாயிரம் கலோரி கிடக்கும்தான். ஆனால் கொழுப்பு மெதுவாக எரிவது. ஒரே அளவு ஆக்சிஜனுக்கு மாவுச்சத்தைவிடக் குறைவான சக்தி தருவது. மூச்சு முட்ட ஓடுகிறவரிடம் மிச்சம் வைக்க ஆக்சிஜன் இல்லை. மாவு தீர்ந்தால் வேகம் குறைந்தே தீரும்.

ஸ்வீடன்காரர்களின் ஆய்வை இங்கிலாந்தில் கவனமாகப் படித்தவர்களில் ஒருவர் ரான் ஹில். முனைவர் பட்டம் பெற்ற ஜவுளித்துறை வேதியியலாளர்; தினமும் தவறாமல் ஓடியவர். 1969 செப்டம்பரில் ஐரோப்பியப் போட்டி ஏதென்சில். பந்தயத்துக்குப் பெயர் தந்த அதே மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை, மேடேறும் சாலை. ஹில் ஒரு வாரம் முன்பு நீண்ட தூரம் ஓடிக் காலைக் காலியாக்கினார். அடுத்த மூன்று நாள் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இறைச்சியும் முட்டையுமாகத் தள்ளினார். பிறகு மூன்று நாள் ரொட்டியும் கேக்கும் இனிப்புமாக நிரப்பினார்.

பந்தயத்தில் பெல்ஜியத்தின் காஸ்டன் ரூலன்ட்ஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். கடைசிக் கட்டத்தில் ரூலன்ட்ஸ் தளர, ஹில் தன் வேகத்தை விடாமல் நெருங்கி, முந்திச் சென்று வென்றார். நேரம் 2 மணி 17 நிமிடத்துக்குச் சற்றே உள்ளே. அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மழையில் 2:10:30 ஓடி, அந்தச் சாலையில் அதுவரை இருந்த சாதனையை மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். சில ஆண்டுகளில் அந்த ஒரு வாரத் திட்டம் உலகெங்கும் மாரத்தான்காரர்களின் சடங்காகிவிட்டது.

கஷ்டமான சடங்கு அது. மாவில்லாத மூன்று நாளும் எரிச்சலும் தலைசுற்றலும் சோர்வுமாகப் போகும்; பந்தயத்துக்கு முந்தின வாரமே ஆள் துவண்டுவிடுவார். கிளைகோஜன் தன்னோடு மூன்று மடங்கு நீரையும் சேர்த்துக்கொள்வதால் நிரப்பும் நாள்களில் எடை ஏறி, கால் கனக்கும். 1981-இல் அமெரிக்காவில் வில்லியம் ஷெர்மனும் டேவிட் காஸ்டிலும் உடனிருந்தவர்களும் அந்தத் துன்பம் தேவையில்லை என்று காட்டினார்கள். பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டினால் போதும். குதிர் ஏறக்குறைய அதே அளவுக்கு நிறைந்துவிடும்.

பந்தயத்தின் நடுவே எதையாவது கொடுக்கும் பழக்கமும் இதற்குள் வேரூன்றியிருந்தது. ஸ்வீடனில் 1922 முதல் நடக்கும் வாசா பனிச்சறுக்குப் பந்தயம் 90 கிலோமீட்டர். வழியில் நிற்கும் சாவடிகளில் சர்க்கரையும் மாவும் சேர்த்துக் காய்ச்சிய சூடான நீலநிறப் பழக்கூழைக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில், 1965-இல் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகச் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேட், வெயிலில் வதங்கிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்தார். குடிக்க முடியாத சுவை. அவருடைய மனைவி மேரி எலுமிச்சைச் சாறு பிழியச் சொன்னார். கேட்டரேட் பிறந்த கதை அது. 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் வாயு போக்கிய கோக்கைக் குடித்து ஓடி, தங்கம் வென்றார்.

குடித்த சர்க்கரை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை 1986-இல் டெக்சாஸின் எட்வர்ட் காய்ல் குழு அளந்தது. வெறும் இனிப்புச் சுவை நீர் குடித்த சைக்கிள் வீரர்கள் மூன்று மணி நேரத்தில் ஓய்ந்தார்கள். மாவுச்சத்துக் கரைசல் குடித்தவர்கள் நான்கு மணி நேரம் தாங்கினார்கள். எவ்வளவு குடிக்கலாம் என்பதற்குக் குடலே எல்லை வைத்தது. குளுக்கோஸ் உள்ளே போகும் வாசல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் விடாது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனி வாசல் உண்டு. இரண்டையும் கலந்தால் மணிக்கு 90 கிராம்வரை உடம்பு எரிக்கும் என்று அஸ்கர் யூகென்ட்ரூப் 2000-களில் காட்டினார். அவரும் உடனாய்வாளர்களும் 2004-இல் செய்த இன்னொரு சோதனையில், ஒரு மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தின் நடுவே மாவுக் கரைசலை விழுங்காமல் வாயில் கொப்பளித்துத் துப்பியவர்களே மூன்று சதவீதம் அளவுக்கு வேகம் கூடினார்கள். உணவு வருகிறது என்ற செய்தி நாக்கிலிருந்து மூளைக்குப் போனாலே கால் மறுபடி துணிகிறது.

மறுப்பும் இல்லாமலில்லை. மாவுச்சத்தை அறவே விட்டு, கொழுப்பை எரிக்க உடம்பைப் பழக்கினால் சுவரே வராது என்ற வாதம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வலுத்தது. அதில் உண்மை உண்டு. சில வாரம் பழகினால் உடம்பு கொழுப்பை வெகுவாக எரிக்கத் தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க், உலகத்தர வேகநடை வீரர்களை வைத்து இதைச் சோதித்து 2017-இல் எழுதினார். கொழுப்புணவுக்குப் பழகிய வீரர்கள் கொழுப்பை நன்றாகவே எரித்தார்கள். ஆனால் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்து சாப்பிட்டவர்கள் அந்தப் பயிற்சியால் வேகம் கூடினார்கள், இவர்களுக்குக் கூடவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன் குரோவும் லிண்ட்ஹார்டும் மூடிய அறைக்குள் அளந்து சொன்ன அதே கணக்கு.

இந்த ஆய்வுகள் எதையும் பாராமலே ஒரு நிலம் மாவுச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கென்யாவின் மேட்டுநிலத்தில் எல்டோரெட் நகரை அடுத்த முகாமொன்றில், உலகத்தர ஓட்டக்காரர்கள் பத்துப் பேரின் தட்டை ஆய்வாளர்கள் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. அவர்கள் பெற்ற சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மாவுச்சத்து. ஏறக்குறைய கால்பங்கு உகாலி என்ற ஒரே பண்டத்திலிருந்து வந்தது. கொதிக்கும் நீரில் வெள்ளை மக்காச்சோள மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கட்டி விழாமல் கிளறி இறக்குவது. நம் ஊர்க் களிக்கு ஒன்றுவிட்ட உறவு. தட்டில் குன்றுபோல வைத்து, விரலால் பிட்டு உருட்டி, வதக்கிய கீரையில் தொட்டுச் சாப்பிடுவார்கள். உடன் பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட தேநீர்.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே, செம்மண் சாலையில் ஓடத் தொடங்குவார்கள். அப்போது வயிறு காலியாக இருக்கும். இரவு தின்ற உகாலி தொடையில் இருக்கும்.